கடைசி வரிசை

எங்கள் சர்ச்சில் புது முகம் யாராவது உள்ளே வந்தால், வாசலில் நிற்கிற அங்கிள் முதலில் கேட்பது, "யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்றுதான். அன்பாகத்தான் கேட்பார். பதில் சரியாக அமைந்துவிட்டால் போதும், "அட, அந்த ரயில்வே தாத்தா பேரனா!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய் உட்கார வைப்பார். நானும் அப்படிக் கூட்டிப்போகப்பட்டவன்தான்.

ஐந்தாம் படிவம் படித்தபோது ஒரு நண்பனை வாலிபர் ஐக்கியத்துக்கு அழைத்து வந்தேன். கித்தார் நன்றாக வாசிப்பான். எங்கள் யூத்தில் கித்தார் இருந்தது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. அங்கிள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பின்னால இருக்கிற ஃப்ளாட்டு அங்கிள்" என்றான். "ஓ" என்றார். அவ்வளவுதான். யாரும் அவனைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் மீ கோரெங் தட்டோடு கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் போய் நின்று சாப்பிட்டான். மூன்று வாரம் வந்தான். நாலாவது வாரம் வரவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "உங்க சர்ச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க வீடு மாதிரி இருக்கு. அடுத்தவங்க வீட்டுல எவ்ளோ நேரம்டா உக்காந்திருக்க முடியும்?" என்றான்.

அந்த வாக்கியம் பல வருடங்களாக எனக்குள் கிடந்தது. ஜொனதன் டேனியல்ஸைப் பற்றிப் படித்தபோது அது மறுபடி எழுந்து வந்தது.

போன ஆண்டு யூத்தில் ஆகஸ்ட் மாதத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். சபைகளின் நாள்காட்டியைப் புரட்டி அந்த மாதத்தில் நினைவுகூரப்படுகிறவர்கள் யார் என்று தேடினேன். அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையின் நாள்காட்டியில் ஆகஸ்ட் 14 என்ற தேதிக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. ஆயர் பட்டம் பெறாத மாணவர். இறக்கும்போது வயது 26.

எபிஸ்கோபல் என்ற பெயர் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பேராயர்கள் பொறுப்பில் இயங்குகிற சபை என்பதுதான் பொருள். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு அங்கிருந்த ஆங்கிலிக்கன்கள் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாதல்லவா? எனவே பெயரை மாற்றிக்கொண்டு 1789இல் தனித் திருச்சபையாக அமைத்துக்கொண்டார்கள். ஜெபப் புத்தகம், திருவிருந்து முறை எல்லாம் நம் ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கும் தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் போகிறவர்களுக்குப் பழகியவையாகவே இருக்கும். சித்தப்பா பெரியப்பா குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேனியல்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கீன் என்ற சிறு நகரத்து மருத்துவரின் மகன். 1939இல் பிறந்தவர். தெற்கே வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்து, 1961இல் வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை ஆற்றும் மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம். 1962 ஈஸ்டர் அன்று பாஸ்டன் ஆலயம் ஒன்றில் ஏதோ நடந்திருக்கிறது. இலக்கியத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் நகரின் எபிஸ்கோபல் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பின் ஒரு பகுதியாக வார இறுதிகளில் பிராவிடன்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்புச் சபையில் பிள்ளைகளோடு வேலை செய்தார். நம் மொழியில் சொன்னால் யூத் வொர்க்கர்.

1965 மார்ச் 7. அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில், ஓட்டுரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. மார்ட்டின் லூதர் கிங் நாட்டின் எல்லாச் சபை ஊழியர்களையும் செல்மாவுக்கு வரச் சொன்னார். போகலாமா வேண்டாமா என்று டேனியல்ஸ் குழம்பிக்கொண்டிருந்தார். அன்றைய மாலை ஜெபத்தில் வழக்கம்போல மரியாளின் பாட்டு வந்தது. வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்கி எளியவர்களை உயர்த்துகிற கடவுளைப் பற்றிய பாட்டு. தினமும் பாடுவதுதான். அன்றைக்கு அவர் காதில் விழுந்துவிட்டது. சக மாணவி ஜூடித் அப்ஹமும் அவரும் இன்னும் சிலரும் கிளம்பினார்கள்.

வார இறுதிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் திரும்பும் பஸ்ஸை டேனியல்ஸும் அப்ஹமும் தவறவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அவர்களுக்கு உறைத்தது: வந்தோம், படம் எடுத்துக்கொண்டோம், போனோம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு நாம் யார்? கல்லூரிக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பவும் வந்தார்கள். பரீட்சை வரைக்கும் செல்மாவில் தங்குவது, பாடங்களை அங்கேயே படிப்பது என்று ஏற்பாடு.

இங்கிருந்து நாம் வழக்கமாகக் கேட்கிற கதை பேரணிகளுக்குப் போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஊரில் ஓர் எபிஸ்கோபல் சேகரம் இருந்தது, செயின்ட் பால்ஸ். தாங்கள் எபிஸ்கோபல் என்பதால் டேனியல்ஸும் அப்ஹமும் அங்கேதான் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கூடவே கறுப்பினப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாலிபர் ஊழியர் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான வேலை இது. ஞாயிறு காலையில் பிள்ளைகளை எழுப்பி, சட்டை போடச் சொல்லி, சர்ச்சுக்குக் கூட்டிப்போவது.

மார்ச்சில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வந்த குழுவை வாசலில் நின்ற அஷர்கள் உள்ளே விடவில்லை. அந்த அஷர்கள் குண்டர்கள் இல்லை. சேகரத்தின் மதிப்பான குடும்பத்தவர்கள். அமெரிக்க எபிஸ்கோபல் சேகரத்தை நடத்துவது வெஸ்ட்ரி என்கிற தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. நம் சேகரக் கமிட்டி மாதிரி. கணக்கு, கட்டடம் பழுதுபார்ப்பது, ஆயரை அமர்த்துவது எல்லாம் அவர்கள் கையில். கமிட்டிக்காரர்கள் என்றால் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாத்தா காலத்திலிருந்து காணிக்கை கொடுத்து வருகிறவர்கள். அந்த ஆலயத்தை உண்மையிலேயே நேசிக்கிறவர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் காப்பி, பிள்ளைகளுக்கு வேதபாடம், ஈஸ்டருக்குப் பூ அலங்காரம், யாராவது இறந்துவிட்டால் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது என்று ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கிற சமூகம் அது. கறுப்பினப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியதும் அதே சமூகம்தான்.

சட்டம் இவர்கள் பக்கம் இல்லை. முந்தைய ஆண்டு, 1964இல், திருச்சபையின் பொதுப் பேரவை ஒரு விதி இயற்றியிருந்தது. நிறம், இனம் காரணமாக யாரையும் ஆராதனையிலிருந்தோ திருவிருந்திலிருந்தோ விலக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், இதற்கு ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது. 1794இலேயே பிலடெல்பியாவில் அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் கறுப்பின எபிஸ்கோபல் சபை ஒன்று உருவாகியிருந்தது. முன்பு அவர்கள் போய்வந்த ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில், ஜெபத்தில் முழங்காலிட்டிருந்தவர்களை இடம் மாறச் சொல்லி எழுப்பினார்கள். அந்த அவமானத்திலிருந்து பிறந்த சபை அது. 170 வருடம் கழித்து, எங்கே உட்காருவது என்ற அதே சண்டை.

மார்ச் கடைசியில் வெஸ்ட்ரி இறங்கிவந்தது. உள்ளே விட்டார்கள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். திருவிருந்துக்கு எல்லாரும் போய்வந்த பிறகு கடைசியாகப் போகச் செய்தார்கள். இது ஏன் முக்கியம் என்று சர்ச் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கன் முறையில் எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்து குடிப்பார்கள். கடைசியாகப் போகிறவர் குடித்த பிறகு அந்தக் கிண்ணத்தில் வேறு யாரும் வாய் வைக்க வேண்டியதில்லை. தேநீர்க்கடை இரட்டைக் குவளையைப் பற்றிப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இங்கே ஒரே குவளைதான். வரிசையை மாற்றினாலே போதுமானதாக இருந்திருக்கிறது.

டேனியல்ஸும் அப்ஹமும் அலபாமா பேராயர் சார்ல்ஸ் கார்ப்பென்டருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கார்ப்பென்டர் யாரென்றால், 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் எட்டு மதத் தலைவர்களுக்கு எழுதப்பட்டதல்லவா, அந்த எட்டுப் பேரில் ஒருவர். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பொறுமையாக இருங்கள், காலம் கனியும் என்று சொல்கிற வகை. அந்த வகையினர் எல்லாச் சபையிலும், எல்லாச் சங்கத்திலும், எல்லாக் கட்சியிலும் உண்டு. எனக்கு அவர்களைப் பார்த்தால்தான் பயம், ஏனென்றால் நானும் பெரும்பாலான நாட்களில் அந்த வகைதான்.

ஆச்சரியம் என்னவென்றால் டேனியல்ஸ் அந்தச் சேகரத்தை விட்டு விலகவில்லை. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். கூடவே பிள்ளைகள். ஈஸ்டருக்கும் போனார்கள். வார நாட்களில் அந்தச் சபையின் வெள்ளைக்காரர்களோடு பேச முயன்றிருக்கிறார். அவர்களை வெறுப்பது எளிதாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கேம்டன் என்ற ஊரில் கண்ணீர்ப்புகை வாங்கிய ஒரு நாளில்தான், தன்னைத் தாக்க வருகிறவர்களும் விடுதலை இல்லாதவர்கள் என்று தோன்றியதாக எழுதியிருக்கிறார். எனக்கு இதை முழுக்க ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடி வாங்குகிறவன் அடிப்பவனின் விடுதலையைப் பற்றியும் கவலைப்பட வேண்டுமா என்று கோபம் வருகிறது. ஆனால் வாராவாரம் அதே கடைசி வரிசையில் போய் உட்கார ஏதோ ஒன்று வேண்டுமே. வெறும் கோபத்தோடு மூன்றாவது வாரத்தைத் தாண்ட முடியாது. என் நண்பனால் முடியவில்லை.

அவர் எங்கே தங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரவுன் சாப்பல் ஆலயத்தை ஒட்டிய கார்வர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில், வெஸ்ட் என்ற கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில். ஏற்கெனவே பிள்ளைகள் நிறைந்த வீடு. வெள்ளைக்காரர் ஒருவரைத் தங்க வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே இடம் கொடுத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு டேனியல்ஸிடம் அதன்பிறகு ஒரு பதில் இருந்தது. அந்த வீட்டுச் சிறுமி ரேச்சல் வெஸ்ட் பின்னாளில் தோழி ஷெயான் வெப்போடு சேர்ந்து 'செல்மா, லார்ட், செல்மா' என்ற நினைவு நூலுக்குச் சொந்தக்காரியானார். 1980இல் வந்த புத்தகம். பெரியவர்களின் வரலாறுகளில் விடுபட்ட குழந்தைகளின் செல்மா அதில் இருக்கிறது.

டேனியல்ஸ் செய்த மற்ற வேலைகள் கதைக்கு உதவாதவை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஓட்டுப் பதிவுக்கு ஆட்களைக் கூட்டிப்போனார். ஏழைகள் எந்த அலுவலகத்தில் என்ன உதவி கேட்கலாம் என்று ஒரு பட்டியல் தயாரித்தார். கிளிஷே மாதிரி தோன்றும். ஆனால் நம் ஊரில் அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்காகப் பாரம் நிரப்பிக்கொண்டு ஜே.பி.என். வாசலில் காலை முழுக்க நின்றவர்களுக்குத் தெரியும், அந்தப் பட்டியலின் மதிப்பு என்னவென்று.

மே மாதம் பரீட்சைக்குப் போய்விட்டு ஜூலையில் திரும்பினார். ஆகஸ்டில் அவர் வேலை பக்கத்து லவுண்ட்ஸ் மாவட்டத்துக்கு நகர்ந்தது. மக்கள்தொகையில் ஐந்தில் நாலு பங்கு கறுப்பினத்தவர். 1965 தொடங்கியபோது ஓட்டுரிமைப் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஸ்னிக் என்று அழைக்கப்பட்ட மாணவர் இயக்கம் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் கூட இருந்தால் உள்ளூர் மக்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்ற தயக்கம் அவர்களுக்குள் இருந்தது. நியாயமான தயக்கம்.

ஃபோர்ட் டெபாசிட் என்ற சிற்றூரின் இளைஞர்கள் வெள்ளையருக்கு மட்டுமான கடைகளின் முன் மறியல் செய்ய விரும்பினார்கள். விரும்பியது அவர்கள்தான். டேனியல்ஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கவில்லை, கூடப் போனார். ஆகஸ்ட் 14 அன்று எல்லாரையும் கைது செய்து குப்பை லாரியில் ஏற்றி ஹெய்ன்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள். கடும் வெயில். ஜாமீனில் தனித்தனியாக வெளியே போவதில்லை, போனால் எல்லாரும் சேர்ந்துதான் என்று இருந்தார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள். டேனியல்ஸ் சிறையிலிருந்து அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கடிதம் எழுதினார்.

ஆகஸ்ட் 20 அன்று திடீரென்று வெளியே விட்டார்கள். அழைத்துப்போக வண்டி இல்லை. தாகம். நாலு பேர் பக்கத்து வார்னர்ஸ் கடைக்குக் குளிர்பானம் வாங்க நடந்தார்கள். டேனியல்ஸ், ரிச்சர்ட் மோரிஸ்ரோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார், ஜாய்ஸ் பெய்லி, ரூபி சேல்ஸ். கடை வாசலில் டாம் கோல்மன் என்ற சம்பளமில்லாத துணை ஷெரிஃப் துப்பாக்கியோடு நின்றார். ரூபிக்கு வயது 17. துப்பாக்கி அவளை நோக்கி உயர்ந்தபோது டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டார். குண்டு அவர் மேல் பாய்ந்தது. அங்கேயே இறந்தார். ஜாய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய மோரிஸ்ரோவை முதுகில் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார் கோல்மன். செப்டம்பர் இறுதியில், வெள்ளை ஆண்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி அவரை விடுவித்தது. யோசிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கொலை மிரட்டல்களுக்கு நடுவே ரூபி சேல்ஸ் அந்த நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். சுடப்பட்டதைப் பார்த்த அதிர்ச்சியில் மாதக்கணக்கில் பேச்சே வராமல் இருந்த பெண், இதைச் சொல்ல மட்டும் வாய் திறந்தாள்.

இந்த ஜூரியை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. ஒயிட் எதிர் க்ரூக். கறுப்பினத்தவரையும் பெண்களையும் ஜூரியிலிருந்து ஒதுக்குவது அரசமைப்புக்கு விரோதம் என்று 1966 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அலபாமாவில் அதுவரை பெண்கள் ஜூரியில் உட்காரவே முடியாது. அந்த வழக்கில் உழைத்த வழக்கறிஞர்கள் இருவர், டோரதி கென்யன், போலி மர்ரி. போலி மர்ரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எபிஸ்கோபல் சபையில் வளர்ந்த கறுப்பினப் பெண். பெண் என்பதால் அந்தச் சபை தன்னை இரண்டாம் படியில் வைத்திருக்கிறது என்று சண்டை போட்டவர். கடைசியில் அறுபது வயதைத் தாண்டி இறையியல் படித்து, 1977 ஜனவரியில் அதே சபையில் ஆயர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். கடைசி வரிசையிலிருந்து பீடத்துக்கு வர அவருக்கு ஒரு வாழ்நாள் ஆனது. இவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

டேனியல்ஸ் 1991இல் நாள்காட்டியில் சேர்க்கப்பட்டார். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. தியாகியைக் கொண்டாடுவது சபைக்கு எளிது. ஒரு நாள் ஒதுக்கினால் முடிந்தது. ஆனால் அவரோடு செயின்ட் பால்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள், ஆராதனை முடிந்ததும் அதே ஊருக்குள் நடந்து வீட்டுக்குப் போனவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் அதே வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயரில் நாள் எதுவும் இல்லை. ரூபி சேல்ஸ் உயிரோடு இருந்ததால்தான் இந்தக் கதையில் அவர்களும் இருக்கிறார்கள். டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்து, வாழ்நாள் முழுக்க இன நீதிக்காக வேலை செய்தவர் அவர். தன்னைக் காப்பாற்றப்பட்ட பெண்ணாக மட்டும் சொல்லிவிட்டுப் போக அவர் யாரையும் விட்டதில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஹெய்ன்வில்லுக்கு ஒரு புனிதப் பயணம் நடக்கிறது. சிறையிலிருந்து கடை இருந்த இடம் வரை நடந்து, கோல்மன் விடுவிக்கப்பட்ட அதே நீதிமன்ற அறையில் போய் முடிப்பார்கள். நீதிபதியின் மேசையே பீடம். அதில் அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்து. அலபாமாவில் கொல்லப்பட்டவர்களின் படங்களை ஏந்தி வருகிறவர்கள் பெரும்பாலும் இளையோர்.

இதையெல்லாம் யூத்தில் சொல்லி முடித்தேன். பதினைந்து பேர் இருப்பார்கள். வழக்கம்போல அமைதி. யாரோ மைலோ பாக்கெட்டை உறிஞ்சுகிற சத்தம். படிவம் மூன்று படிக்கிற ஒரு பெண்தான் கேட்டாள், "அண்ணே, நம்ம சர்ச்சுல கடைசி வரிசைல யாரு உக்காருறா?"

"லேட்டா வர்றவங்க" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் மூன்று பேர். தமிழ்நாட்டிலிருந்து சாப்பாட்டுக்கடை வேலைக்கு வந்தவர்கள். காலை வேலை முடித்துவிட்டு, ஆராதனை பாதியில் வருவார்கள். ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலேயே எல்லாப் பாட்டையும் பாடினார். திருவிருந்துக்கு வரிசை நகர்ந்தபோது, யாரும் சொல்லாமலேயே எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக எழுந்து வந்தார்கள்.

ஆசீர்வாதம் முடிந்ததும் நான் அவசரமாகக் கூடத்துக்குப் போய் மூன்று தட்டில் மீ கோரெங் போட்டேன். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அவர்கள் கேட்டைத் தாண்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். மதியக் கூட்டம் தொடங்குவதற்குள் கடைக்குப் போக வேண்டும் போல. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூன்று பேரில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.